குழலும் பனிக்காலமும்

மரத்தாற் செய்யப்பட்ட இசைக்கருவி மரம் என்னும் தன் இயல்பை ஒருபோதும் கைவிடுவதில்லை. வெட்டப்பட்டு, அறுக்கப்பட்டு, கடையப்பட்டு, உலோக விசைகள் பூட்டப்பெற்ற பின்னரும் அது சுற்றுப்புறக் காற்றோடு கொடுக்கல் வாங்கல் நடத்திக்கொண்டே இருக்கின்றது. காற்றில் ஈரம் மிகும்போது அதனை ஏற்று விரிகின்றது. ஈரம் குறையும்போது தன்னிடம் உள்ளதை இழந்து சுருங்குகின்றது. நம் நாட்டவர் இவ்வுண்மையின் ஒரு பாதியை நன்கு அறிவர். மாரிகாலத்தில் அறைக்கதவு நிலையோடு இறுகிக்கொள்வதைக் காணாதவர் இலர். மறுபாதியாகிய உலர்வின் கொடுமை நமக்கு அத்துணை பழக்கமானதன்று. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர் அதனைத் தமது அறுபத்தோராம் வயதில், கனடாவின் ரொறன்ரோ நகரில், தாம் நெடுங்காலம் பேணிவந்த கிளாரினெற் குழலின் வாயிலாகக் கற்றுக்கொண்டார்.

அக்குழலை அவர் 1974 ஆம் ஆண்டில் கொழும்பிலே வாங்கினார். வேறெவரோ வாசித்து விற்றுவிட்ட கருவி அது. அவருடைய மூன்று மாதச் சம்பளம் அதற்குச் செலவாயிற்று. கன்னங்கரிய உடலும் வெள்ளிப் பூச்சுப் பெற்ற விசைகளும் நீல வெல்வெற்று விரித்த பெட்டியுமாக அது வீட்டுக்கு வந்தபோது, இவ்வளவு பணத்தை ஒரு குழலுக்குக் கொடுப்பதா என்று தாயார் கேட்டாராம். கிளாரினெற் ஐரோப்பாவிற் பிறந்தது. ஜேர்மனியின் நியூரம்பேர்க் நகரில் ஜொகான் கிறிஸ்தோப் டென்னர் 1700 ஆம் ஆண்டளவில் அதனை உருவாக்கினார் என்பது பொதுவாக ஏற்கப்படும் வரலாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது தமிழகத்துச் சதிர் மேடையை அடைந்து, பின்னர் கர்நாடக இசைக்கும் உரியதாயிற்று. திருச்சிராப்பள்ளி ஏ. கே. சி. நடராஜனின் வாசிப்பை வானொலியிற் கேட்ட பின்னரே, இந்த மேனாட்டுக் குழலிலும் கமகம் பிறக்கும் என்ற நம்பிக்கை நம் எழுதுவினைஞருக்கு உண்டாயிற்று. அலுவலக நேரம் போக எஞ்சிய மாலைகளில் மெல்லிசைக் குழுவிலும் நாடக மேடையிலும் கலியாண வீடுகளிலும் அவர் அதனை வாசித்தார்.

அந்நாட்களில் அவருக்கிருந்த பகை ஈரமே. யாழ்ப்பாணத்துக் காற்று கடலை விட்டு அகலாத காற்று. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் குழலின் துண்டுகளை இணைக்கும் முனைகள் ஊதிப் பருத்துவிடும். ஒன்றை மற்றதிலிருந்து பிரிப்பதற்குள் கை சிவந்துவிடும். துளைகளை மூடுகின்ற சிறு மெத்தைகளிற் பூஞ்சணம் பிடிக்கும். விசைகளை மீளத் தள்ளுகின்ற ஊசி போன்ற உருக்குக் கம்பிகளிலே துரு ஏறும். இவற்றுக்கெல்லாம் பரிகாரமாக அவர் ஒரு கைம்மருந்து கண்டிருந்தார். ஒரு பிடி அரிசியை நன்றாக வறுத்து, ஆறவிட்டு, மெல்லிய துணியிற் பொட்டலமாகக் கட்டிப் பெட்டியின் மூலையில் வைப்பார். வறுத்த அரிசி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மாதம் ஒருமுறை பொட்டலத்தை மாற்றுவார். முப்பத்தைந்து ஆண்டுகளாக இவ்வழக்கம் தவறியதில்லை. மரத்தில் ஒரு கீறல்தானும் விழுந்ததுமில்லை.

1995 ஆம் ஆண்டு ஐப்பசி இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது அவரும் குடும்பத்தோடு நடந்தார். கொண்டுசெல்ல இயன்றவை சில உடுப்புகள், சில பத்திரங்கள், ஓர் உரப்பை. உரப்பைக்குட் குழற்பெட்டி இருந்தது. மாரிகாலத்துச் சேற்றுவழியிற் பை நனைந்தது, பெட்டியும் நனைந்தது. சாவகச்சேரியில் உறவினர் வீட்டுத் திண்ணையில் அதனைத் திறந்து துடைத்து, மூன்று நாள் நிழலில் ஆறவிட்டார். குழல் மீண்டும் பேசிற்று. அன்று முதல், இந்தக் குழலை இனி எதுவும் செய்யாது என்ற ஓர் உறுதி அவர் உள்ளத்திற் படிந்தது. பின்னர் நேர்ந்த தவறுக்கு அவ்வுறுதியும் ஒரு காரணம் எனலாம்.

2010 ஆம் ஆண்டு தை மாதத்தில் அவர் மகளின் குடும்பத்தோடு வாழ ரொறன்ரோ சென்றார். விமானத்திற் குழற்பெட்டியைக் கையிலேயே வைத்திருந்தார். மகள் வீட்டில் அவருக்கென ஒதுக்கிய அறையில், தரையிலுள்ள துவாரம் ஒன்றின் வழியாக வெப்பக்காற்று இரவு பகலாக வந்துகொண்டிருந்தது. வெளியே பனி உறைந்து கிடந்தது. குழலுக்குக் குளிரக் கூடாது என்று கருதிய அவர், பெட்டியை அந்தத் துவாரத்தின் அருகிலேயே வைத்தார். மகளிடம் அரிசி கேட்டு வாங்கி வறுத்து, வழக்கம்போலப் பொட்டலமும் கட்டி வைத்தார். தைப்பொங்கலை ஒட்டி ஊரவர் கூடிய ஒரு மண்டபத்தில் இரண்டு மணிநேரம் வாசித்தார். முப்பது ஆண்டுகளுக்கு முந்திய பாட்டுகளைக் கேட்டுச் சிலர் கண் கலங்கினர்.

அதற்கு அடுத்த வாரம், குழலைப் பூட்டுகையில், மேற்றுண்டுக்கும் ஊதுமுனைக்கும் இடையிலுள்ள சிறிய உருளையைச் சுற்றியிருந்த உலோக வளையம் கழன்று மேசைமீது விழுந்து உருண்டது. அது பழைய கருவிதானே என்று எண்ணி, வளையத்தினுள் ஒரு கடதாசித் துண்டை வைத்து மீண்டும் செருகினார். இன்னும் நான்கு நாட் சென்று, கீழ்ச்சுரங்கள் பிறக்க மறுத்தன. விரல்களை எவ்வளவு அழுத்தினும் காற்று எங்கோ கசிந்தது. யன்னல் வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தபோது, மேற்றுண்டின் உச்சியிலிருந்து இரண்டு துளைகளை ஊடறுத்துக்கொண்டு மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று இறங்கியிருந்தது. ஏறத்தாழ ஆறு சென்ரிமீற்றர் நீளம். மழையிலும் சேற்றிலும் தப்பிய குழல், சூடான அறையில் மெத்தென்ற வெல்வெற்றில் இருந்தபடியே பிளந்துவிட்டது. அன்று மாலை அவர் எவருடனும் பேசவில்லை.

நகரிலே காற்றுக்கருவிகளைத் திருத்தும் ஒருவரிடம் மகள் அவரை அழைத்துச் சென்றாள். திருத்துநர் வெடிப்பைப் பார்க்கும் முன்னர் பெட்டியைப் பார்த்தார். மூலையிலிருந்த பொட்டலம் யாது என வினவினார். மகள் மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. அந்நாட்டிலே மக்கள் பெட்டிக்குள் ஈரத்தை வைப்பர், இவரோ ஈரத்தை எடுக்கும் பொருளை வைத்திருக்கிறார் என்று மட்டும் கூறினார். பின்னர் நடந்ததைப் பொறுமையாக விளக்கினார்.

அவர் விளக்கத்தின் அடிப்படை எளிய பௌதிகமே. குளிர்ந்த காற்று மிகக் குறைந்த நீராவியையே தாங்கவல்லது. பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை செல்சியசில் ஒரு கன மீற்றர் காற்று, முற்றாக நிரம்பிய நிலையிலும், ஏறத்தாழ 2.3 கிராம் நீராவியையே கொண்டிருக்கும். 20 பாகையிலோ அதே அளவு காற்று ஏறத்தாழ 17.3 கிராமைத் தாங்கும். வெளிக்காற்றை வீட்டுக்குட் கொணர்ந்து சூடாக்கும்போது அதன் கொள்திறன் பெருகுகின்றது, நீராவியோ பெருகுவதில்லை. ஆகவே காற்றுத் தாங்கவல்ல ஈரத்தில் உண்மையில் உள்ள பங்கினைக் குறிக்கும் சாரீரப்பதன் நூற்றுக்குப் பதின்மூன்று அளவுக்கு வீழ்ந்துவிடும். சமையலும் மனிதர் மூச்சும் அதனைச் சற்று உயர்த்தலாம். எனினும், பெரும்பாலும் 70 வீதத்துக்கு மேற்பட்ட ஈரக்காற்றிற் பல்லாண்டு வாழ்ந்த மரத்துக்கு இம்மாற்றம் பெரும் வீழ்ச்சியாகும்.

மரம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. நார் ஓடும் நீளத்திசையிற் சுருக்கம் மிகச் சொற்பம். குறுக்கே சுருக்கம் மிகுதி. அதிலும் ஆண்டு வளையங்களைத் தழுவிய திசையிற் சுருக்கம், நடுவிலிருந்து புறநோக்கிய திசையிற் சுருக்கத்தைப் போல ஏறத்தாழ இருமடங்கு. இதனால் வட்டமாகக் கடைந்த குழாய் நுண்ணளவில் நீள்வட்டமாகின்றது. ஈரம் நாரின் வழியே விரைவாகவும் குறுக்கே மெதுவாகவும் செல்வதால், துண்டுகளின் வெட்டுமுகங்களே முதலில் உலர்கின்றன. வளையங்கள் பூட்டப்பட்டிருப்பதும் அவ்விடங்களிலேயே. உலோகம் சுருங்காது நிற்க மரம் சுருங்கினால் வளையம் கழலும். மேசையில் விழுந்த வளையம் மரம் விடுத்த முன்னறிவித்தல். அதனைக் கடதாசியால் அடைத்தது அறிவித்தலைக் கிழித்தெறிந்ததற்கு ஒப்பானது.

உலர்வு மட்டும் நேர்ந்திருந்தால் ஒருவேளை குழல் தப்பியிருக்கும். உலர்ந்த குழலினுள் இரண்டு மணிநேரம் மூச்சு செலுத்தப்பட்டது. மனிதன் வெளிவிடும் மூச்சு வெப்பமானது, நீராவி நிரம்பியது. குழாயின் உட்சுவரில் அது நீராகப் படிகின்றது. உட்புறம் ஈரத்தை ஏற்று விரிய முயல்கின்றது. வெளிப்புறமோ உலர்ந்து சுருங்கி நிற்கின்றது. ஒரே சுவரின் இரு பக்கங்கள் ஒன்றோடொன்று இழுபறிப்படும்போது எழும் தகைப்பைத் தாங்க இயலாத இடத்தில் நார்களினிடையே மரம் பிளக்கும். மூச்சு முதலிற் படுவதும் துளைகளாற் பலம் குறைந்ததும் மேற்றுண்டே. கிளாரினெற்றுகளிற் பெரும்பாலான வெடிப்புகள் அங்கு தோன்றுவதன் காரணம் இதுவே. சுருங்கக் கூறின், குழலைக் கெடுப்பது ஈரமுமன்று, உலர்வுமன்று. ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும் வேகமும், உள்ளும் புறமும் ஒவ்வாத நிலையுமே.

குழலின் மரம் கருங்காலி என்றே அவர் அதுவரை நம்பியிருந்தார். அதுவும் தவறென அன்று அறிந்தார். கருங்காலி நம் நாட்டுக் காடுகளில் வளர்வது. கிளாரினெற்றுக்கு உரிய மரமோ கிழக்கு ஆபிரிக்காவில், சிறப்பாகத் தன்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் இருந்து பெறப்படுவது. சுவாகிலி மொழியில் அதற்கு ம்பிங்கோ என்று பெயர். தாவரவியலார் அதனைத் தோதகத்தி மரத்தோடு டல்பேர்ஜியா என்னும் ஒரே பேரினத்துள் வைப்பர். நீரில் இட்டால் மூழ்கிவிடும் அளவுக்கு அடர்த்தியானது, எண்ணெய்ப்பசை மிக்கது, மிக மெதுவாக வளர்வது. ஒரு மரம் வெட்டத்தக்க பருவம் எய்தப் பல பத்தாண்டுகள் செல்லும். அவ்வாறு வெட்டிய மரத்திலும் கோணலும் கணுவும் வெடிப்பும் போகக் குழலுக்கு உதவும் பகுதி சிறிதே. இம்மரத்தின் பன்னாட்டு வாணிபம் 2017 ஆம் ஆண்டிற் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு 2019 ஆம் ஆண்டில் விலக்களிக்கப்பட்டது. தஞ்சைப் பகுதியிலுள்ள நரசிங்கம்பேட்டையில் நாதசுரம் செய்வோர் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்த ஆச்சா மரத்தை விரும்பித் தேடுவது இங்கு நினைக்கத்தக்கது. நெடுங்காலம் வெயிலையும் மழையையும் கண்டு அடங்கிய மரம் பின்னர் எளிதிற் குழம்பாது என்பது அவர்தம் பட்டறிவு.

திருத்துநர் வெடிப்பை உடனே ஒட்டவில்லை. உலர்ந்திருக்கும்போது ஒட்டினால் மரம் மீண்டும் விரியும்போது வேறோரிடம் வெடிக்கும் என்றார். மூன்று வாரம் குழலை மூடிய பெட்டியில் ஈரப் பஞ்சோடு வைத்து, சிறிது சிறிதாக ஈரம் ஏற்றினார். மூன்றாம் வார இறுதியில் வெடிப்பு தானாகவே மூடிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று. ஆயினும் அது ஆறியதாகாது, மூடியது மட்டுமே. அதன்பின் வெடிப்பின் குறுக்கே நுண்ணிய துளைகள் இட்டு, புரி வெட்டிய மெல்லிய உருக்குக் கம்பிகள் நான்கைச் செலுத்தி, தலைகளை மரத்தின் மட்டத்துக்குக் கீழே நறுக்கி, பசையும் அதே மரத்தின் பொடியும் கலந்து நிரப்பி மெருகிட்டார். கம்பிகள் எங்குள்ளன என்பதை உரியவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

வீடு திரும்பிய குழலுக்குப் புதிய நியமங்கள் வகுக்கப்பட்டன. அரிசிப் பொட்டலம் அகற்றப்பட்டது. துளையிட்ட சவர்க்காரப் பெட்டியொன்றில் நனைத்துப் பிழிந்த பஞ்சுத் துண்டு வைக்கப்பட்டது. நீர் சொட்டலாகாது, மரத்திற் படலாகாது. பெட்டி வெப்பத் துவாரத்தைவிட்டு உள்சுவர் ஓரம் சென்றது. வெளியிலிருந்து கொணர்ந்த குழலை உடனே ஊதாமல், அறையின் வெப்பத்தை அது அடையும்வரை காத்திருந்து, மேற்றுண்டைக் கைகளுக்கிடையே வைத்து இளஞ்சூடாக்க வேண்டும். திருத்திய பின்னர் முதல் வாரத்தில் நாளொன்றுக்குப் பத்து நிமிடம் மட்டும். பின்னர் சிறிது சிறிதாகக் கூட்டலாம். வாசித்து முடிந்ததும் துணியை உள்ளே இழுத்துத் துடைத்து, துண்டு துண்டாகக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து மூட வேண்டும். பழைய வாசிப்பாளர் சிலர் தோடம்பழத் தோலைப் பெட்டிக்குள் இடுவர் என்று கேள்வியுற்று அவரும் ஒருமுறை இட்டுப் பார்த்தார். ஐந்தாம் நாள் தோலிற் பூஞ்சணம் கண்டு அதனைக் கைவிட்டார்.

பஞ்சு போதுமா, மிகையா என்பதைக் கையாலோ கண்ணாலோ அறிய முடியாது. அதற்கு ஈரமானி ஒன்று தேவை. மலிவான ஈரமானிகளோ உண்மை சொல்வதில்லை. இச்சிக்கலைத் தீர்த்தவள் பன்னிரண்டு வயதுப் பேர்த்தி. பாடசாலை வாத்தியக் குழுவில் அவளும் கிளாரினெற் பயின்றுகொண்டிருந்தாள். கறியுப்பை ஒரு போத்தல் மூடியில் இட்டுச் சில துளி நீரால் நனைத்து, ஈரமானியோடு காற்றுப்புகாத பையில் ஓர் இரவு வைத்தால் உள்ளே சாரீரப்பதன் 75 வீதமாகவே நிற்கும் என்று அவள் எங்கோ வாசித்திருந்தாள். நிரம்பிய உப்புக்கரைசலுக்கு மேலுள்ள காற்று குறித்த ஓர் ஈரநிலையில் நிலைபெறும் என்பது இரசாயனத்தில் உறுதிப்பட்ட உண்மை. காலையிற் பார்த்தபோது அவர்களுடைய ஈரமானி 69 என்றது. அன்றுமுதல் அது காட்டும் எண்ணோடு ஆறைக் கூட்டி வாசிப்பது வழக்கமாயிற்று. 45 முதல் 55 வரை நின்றால் நன்று. குறைந்தாற் பஞ்சை நனைப்பது, கூடினால் எடுத்துவிடுவது. சித்திரை கழிந்து வீட்டின் வெப்பமூட்டி நின்றதும் பஞ்சுக்கு ஓய்வு. பின்னாளில், ஈரத்தைக் கொடுக்கவும் மிகுந்ததைத் திருப்பி வாங்கவும் வல்ல உப்புக்கரைசற் பொதிகள் அவர்களுக்கு அறிமுகமாயின. 49 வீதத்தில் நிறுத்துபவை அவை. முன்பு இரவுமுழுதும் சோதித்த அதே உண்மை ஒரு சிறு உறைக்குள் அடைபட்டிருந்தது.

ஒருநாள் பேர்த்தி கேட்டாள்: “அம்மப்பா, என்ர பிளாஸ்ரிக் கிளாரினெற்றுக்கு இது ஒண்டும் தேவையில்லை. நீங்களும் அதையே வாசிக்கலாந்தானே?”

கேள்வி நியாயமானதே. குழலின் ஒலியைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை உட்குழாயின் அளவும் துளைகளின் அமைப்பும் ஊதுமுனையும் நாணற் சீவலுமே. சுவர் எப்பொருளால் ஆனது என்பதன் பங்கு மிகச் சிறிது என்பது ஒலியியலார் பலரின் முடிவு. மரப்பொடியையும் பிசினையும் கலந்து வெடிக்காத குழல்கள் செய்வோரும் உளர். அவர் அவளுடைய குழலை வாங்கி ஒரு பாட்டு முழுவதையும் வாசித்துக் காட்டினார். நன்றாகவே ஒலித்தது.

“வாசிக்கலாம் பிள்ளை,” என்றார். “ஆனா, இதை ஆர் பாக்கிறது?”

அவர் பேணியது ஒலியை மட்டுமன்று. ஆயினும் அவர் மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது வேறொன்று. குழலை உடைத்தது கவனக்குறைவு என்றால் அவர் எளிதில் ஆறியிருப்பார். உடைத்தது கவனமே. முப்பத்தைந்து ஆண்டுகள் அதனைக் காத்த அதே பொட்டலம், அதே அக்கறையோடு, வேறோர் ஊரில் அதற்கெதிராய் நின்றது. பேணுதல் என்பது பழகிய செயலைத் தவறாது செய்தல் மட்டுமன்று. பொருள் இப்போது எங்கே இருக்கின்றது, அவ்விடத்துக் காற்று யாது என்று கேட்டறிந்து செய்தலே. ஊரில் ஈரத்தை எடுத்த கைதான் இங்கே ஈரத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது. மாற வேண்டியது தம் கைப்பழக்கம் என்று ஏற்றுக்கொள்ள அவருக்கு ஒரு பனிக்காலம் முழுதும் தேவைப்பட்டது. “மரத்துக்கும் பழக நாள் குடுக்கேல்லை, நானும் பழகேல்லை,” என்று மகளிடம் ஒருமுறை சொன்னார். அதற்குமேல் அதைப்பற்றி அவர் பேசியதில்லை.

இப்பொழுது அவர் எழுபத்தைந்தைக் கடந்துவிட்டார். மூச்சு முன்போல நீள்வதில்லை. குழல் பேர்த்தியிடம் இருக்கின்றது. அவள் ஒட்டாவாவில் தொழில் பார்க்கிறாள். அங்கே குளிர் ரொறன்ரோவிலும் கடுமையானது. வெடிப்பு திருத்தப்பட்ட இடம் அதற்குப்பின் திறக்கவில்லை. பனிக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தொலைபேசியில் அழைப்பாள். சுகம் விசாரித்து முடிந்ததும் அவர் கேளாமலே எண்ணைச் சொல்வாள்.

“நாப்பத்தெட்டு, அம்மப்பா. கூட்டித்தான் சொல்லுறன்.”

“வளையம்?”

“அசையேல்லை.”